வாசகர் வாக்குகளைக் கொண்டு இசைத்தொகுப்புகளைத் தரவரிசைப்படுத்தும் முறை

ஒரு சிற்றிதழோ நூலக வாசகர் வட்டமோ, "உங்களுக்கு மிகவும் பிடித்த தமிழ் இசைத்தொகுப்புகள் எவை?" என்று தன் வாசகர்களைக் கேட்டு, வந்த விடைகளைக் கூட்டிப் பட்டியலாக வெளியிடுவது எளிய வேலையாகவே தோன்றும். ஆனால் கேள்வியைக் கேட்கும் விதத்தையோ மதிப்பெண் தரும் விதத்தையோ மாற்றினால், அதே வாசகர்களிடமிருந்து வேறொரு பட்டியல் கிடைக்கும். இதைப் பலரும் எண்ணத் தொடங்கிய பிறகே உணர்கிறார்கள். அதற்குள் விதிகளை மாற்ற முடியாத கட்டம் வந்துவிடுகிறது, மாற்றினாலும் வேண்டியவர்களுக்காக மாற்றியதாகவே பேச்சு எழும். ஆகவே முதல் வாக்கு வந்து சேர்வதற்கு முன்பே எல்லா விதிகளும் எழுத்தில் இருக்க வேண்டும், வாக்களிப்பவர்கள் அவற்றைப் படித்திருக்கவும் வேண்டும். தமிழ்த் திரையிசையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த விதிகளை ஒவ்வொன்றாக இங்கே விளக்குகிறேன்.

எதைத் தொகுப்பு என்று கொள்வது

மேலைநாட்டு இசையில் பாடகர் அல்லது குழு தன் பெயரில் வெளியிடும் ஆல்பமே அடிப்படை அலகு என்பதால் இந்தக் கேள்வி அங்கே பெரிதாக எழுவதில்லை. நமக்கோ ஒரு படத்தின் பாடல்கள்தான் அலகு, அந்தப் பாடல்கள் வெளிவந்த வடிவமோ காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 78 சுழற்சி இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான ஒலிதான் அடங்கும் என்பதால், 1944இல் வெளிவந்த ஹரிதாஸ் போன்ற படத்தின் பாடல்களை அந்நாளில் யாரும் ஒரே தட்டில் வாங்கியிருக்க முடியாது. ஒலிநாடாக் காலத்தில் இதற்கு நேர்மாறாக, ஒரே நாடாவின் இரு பக்கங்களிலும் இரண்டு படங்களின் பாடல்கள் இருந்தன. எனவே எந்த வடிவத்தில் விற்கப்பட்டிருந்தாலும், ஒரு படத்துக்காகப் பதிவாகி வெளிவந்த பாடல்கள் அனைத்தும் சேர்ந்ததே ஒரு தொகுப்பு என்று வரையறுப்பதுதான் நியாயம். படத்தில் இடம்பெறாமல் இசைத்தட்டிலோ நாடாவிலோ மட்டும் வந்த பாடலும் அதில் அடங்கும். பின்னணி இசையைக் கணக்கில் சேர்ப்பதா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தனியாக வெளியிடப்பட்டிருந்தால் மட்டும் சேர்க்கலாம் என்பது என் பரிந்துரை.

திரைக்கு வெளியே வந்த படைப்புகளை விலக்குவது பெரும் இழப்பு. இளையராஜாவின் "ஹௌ டு நேம் இட்" (1986), "நத்திங் பட் விண்ட்" (1988) ஆகியவற்றையும் ஏ. ஆர். ரஹ்மானின் "வந்தே மாதரம்" (1997) தொகுப்பையும் தம் முதல் பத்தில் வைக்க விரும்பும் வாசகர்கள் நிச்சயம் இருப்பார்கள். பக்தி இசைத்தட்டுகள், மேடைக் கச்சேரிப் பதிவுகள் ஆகியவற்றையும் சேர்த்தால் பட்டியல் வளம் பெறும், ஆனால் ஒப்பிடுவது கடினமாகும். சிறிய இதழ் ஒன்று முதன்முறை நடத்துகையில் திரையிசைக்கு ஒரு பட்டியல், மற்றவற்றுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பெயர்களில் வரும் குழப்பத்தை இப்போதே தீர்த்துவிட வேண்டும். "ஆயிரத்தில் ஒருவன்" என்று ஒருவர் எழுதினால், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த 1965ஆம் ஆண்டுப் படமா, ஜி. வி. பிரகாஷ் குமார் இசையமைத்த 2010ஆம் ஆண்டுப் படமா என்பது தெரியாது. "பில்லா" என்றால் 1980இல் எம். எஸ். விஸ்வநாதனும் 2007இல் யுவன் சங்கர் ராஜாவும் இருக்கிறார்கள். "படிக்காதவன்", "பொல்லாதவன்" ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். ஆகவே வாக்குச்சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் அருகில் ஆண்டு அல்லது இசையமைப்பாளர் பெயர் கட்டாயம் என்று கேட்க வேண்டும். அதே மெட்டுகள் வேறு மொழியில் வந்திருந்தால், அதாவது ஒருவர் "உயிரே" என்றும் மற்றொருவர் "தில் சே" என்றும் எழுதியிருந்தால், இரண்டையும் ஒன்றாகக் கொள்வோம் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிகப் புதிய தொகுப்புகள் வெளியீட்டு ஆரவாரத்தில் மேலேறிவிடும் என்பதால், வாக்கெடுப்பு தொடங்குவதற்கு ஓராண்டுக்குள் வந்தவற்றை விலக்கிவைப்பது வழக்கமாக வேண்டும்.

பாடலுக்கு அல்ல, தொகுப்புக்கு

நம் வாசகர்களிடம் ஆல்பம் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு பாடலை நினைத்துக்கொண்டே விடை சொல்வார்கள். இதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை. வானொலியும் தொலைக்காட்சியும் நமக்குப் பாடல்களைத்தான் தந்தன. 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கிய பினாக்கா கீத்மாலா, இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கடிதங்களையும் வைத்து வரிசைப்படுத்தியதும் இந்திப் பாடல்களைத்தான், படங்களின் முழுத்தொகுப்புகளை அல்ல. ஒரே ஒரு புகழ்பெற்ற பாடலைச் சுமந்து நிற்கும் தொகுப்பும், ஆறு பாடல்களும் ஒன்றுக்கொன்று குறையாத தொகுப்பும் வேறு வேறு சாதனைகள். இரண்டாவதை அடையாளம் காண்பதே தொகுப்புத் தரவரிசையின் பயன்.

இதற்கு ஒரு சிறிய ஏற்பாடு பெரிதும் உதவும். வாசகர் முதலிடம் தரும் தொகுப்பில் தமக்குப் பிடித்த மூன்று பாடல்களின் முதல் வரியை எழுதும்படி கேளுங்கள். விடை தவறினால் வாக்கு செல்லாது என்று மிரட்டக் கூடாது. எழுதத் தொடங்கும்போதே வாசகர் தம் தேர்வை மறுபடி எண்ணிப் பார்ப்பார், அதுவே போதும். வாக்களிப்புக் காலத்தையும் குறைந்தது இரண்டு வாரமாக வைக்க வேண்டும். அப்போதுதான் பட்டியலை எழுதி, சிலவற்றை மீண்டும் முழுமையாகக் கேட்டு, திருத்தி அனுப்ப இயலும். படத்தின் வெற்றியையோ நடிகரையோ மனத்திலிருந்து முழுவதும் அகற்றச் சொல்வது நடவாத காரியம் என்பதால் அப்படியொரு விதியை எழுதிப் பயனில்லை.

ஏன் இரண்டு சுற்றுகள் வேண்டும்

தமிழில் தொகுப்புகளை நேரடியாக ஒரே சுற்றில் வரிசைப்படுத்தினால் ஒரு பெரிய கோணல் விழும். 1976இல் "அன்னக்கிளி"யில் தொடங்கிய இளையராஜா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்திருக்கிறார். அவரை நேசிக்கும் நூறு வாசகர்கள் தம் பத்து இடங்களை நிரப்பும்போது அந்த வாக்குகள் நூற்றுக்கணக்கான படங்களில் சிதறிவிடும். 1992இல் "ரோஜா"வுடன் வந்த ரஹ்மானின் தமிழ்த் தொகுப்புகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதால், அவரை நேசிப்பவர்களின் வாக்குகள் சில பெயர்களிலேயே குவியும். விளைவாக, மொத்த வாக்குகளில் இளையராஜா முன்னணியில் இருந்தாலும் பட்டியலின் முதல் ஐந்தில் அவர் பெயர் அருகிப்போகலாம். ஓரிரு தலைமுறைகளின் செவியையே ஆண்ட ஒருவரின் படைப்புகள், அவை அதிகம் என்ற ஒரே காரணத்தால் பின்னுக்குப் போவதை நான் ஏற்க மாட்டேன். கே. வி. மகாதேவன், எம். எஸ். விஸ்வநாதன் போன்றோரின் படைப்புகளுக்கும் இதே கதி நேரும்.

முதல் சுற்று பரிந்துரைக்கானது. ஒவ்வொருவரும் பத்துப் பெயர்கள் வரை, வரிசையின்றி, நினைவிலிருந்து எழுதி அனுப்பட்டும். எந்தப் பெயர்ப் பட்டியலையும் முன்கூட்டித் தராதீர்கள். தந்தால் அதில் இருப்பவையே திரும்பி வரும். வந்த பெயர்களில் அதிகம் பேர் குறிப்பிட்ட அறுபதை எடுத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் அவற்றிலிருந்து பத்தைத் தேர்ந்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். சிதறிக் கிடந்த வாக்குகள் இப்போது ஒரே களத்தில் சந்திக்கும். தம் முதல் தேர்வு அறுபதுக்குள் வராத வாசகர், அதே இசையமைப்பாளரின் வேறொரு தொகுப்புக்குத் தம் ஆதரவைத் தர வாய்ப்பும் கிடைக்கும்.

இரண்டாம் சுற்றின் வாக்குச்சீட்டில் பெயர்கள் நிற்கும் வரிசை கவனத்துக்குரியது. மேலே இருப்பவற்றின்மீது கண் முதலில் விழும் என்பதால் அவற்றுக்குச் சில வாக்குகள் கூடுதலாகச் சேரும். கூகுள் படிவத்தில் தெரிவுகளின் வரிசை ஒவ்வொருவருக்கும் மாறித் தோன்றும்படி அமைக்க வசதி உண்டு. அச்சிட்ட சீட்டானால் பாதிச் சீட்டுகளை அகர வரிசையிலும் மீதியை அதன் தலைகீழ் வரிசையிலும் அச்சிட்டுக் கலந்து வழங்கலாம்.

மதிப்பெண் தரும் முறை

இதுதான் மிகுந்த கவனம் வேண்டும் இடம் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். நூறு பேர் வாக்களித்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு தொகுப்பை முப்பது பேர் முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள், மற்ற எழுபது பேர் அதைக் குறிப்பிடவே இல்லை. இன்னொன்றைப் பத்துப் பேர் முதலிடத்திலும் ஐம்பது பேர் மூன்றாமிடத்திலும் வைத்திருக்கிறார்கள். முதலிட வாக்குகளை மட்டும் எண்ணினால் முப்பதுக்குப் பத்து என்று முன்னது வெல்லும். முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 9 என்று இறங்கி வரும் முறையில் முன்னதற்கு 300, பின்னதற்கு 500 என்று முடிவு தலைகீழாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் போர்டா முன்வைத்த முறை இந்த வகையைச் சேர்ந்தது. பசிபிக் தீவு நாடான நவூரு தன் நாடாளுமன்றத் தேர்தலில் பின்பற்றுவது போல் முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒன்று என்று கொடுத்தால், 30க்கு ஏறத்தாழ 26.7 என்று மறுபடியும் முன்னதே வெல்லும். வாக்குகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை, முடிவு மட்டும் இரண்டு முறை புரண்டுவிட்டது.

யூரோவிஷன் பாட்டுப் போட்டி 1975 முதல் 12, 10, 8, அதன்பின் 7 முதல் 1 வரை என்று கொடுத்து வருகிறது. முதல் இரண்டு இடங்களுக்குக் கூடுதல் எடை உண்டு. நியூயார்க்கின் "தி வில்லேஜ் வாய்ஸ்" வார இதழ் விமர்சகர்களிடம் நடத்திய ஆண்டு வாக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் 100 மதிப்பெண் தரப்பட்டது. அதைப் பத்து ஆல்பங்களுக்கு, ஒன்றுக்கு 5க்குக் குறையாமலும் 30க்கு மேற்படாமலும், அவர்களே பகிர்ந்தளித்தார்கள். விருப்பத்தின் ஆழத்தைக் காட்ட இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் பொது வாசகர்கள் அனுப்பும் சீட்டுகளில் கூட்டுத்தொகை 100 வராமல் போவது மிகுதியாக இருக்கும் என்பதால், சில பத்துப் பேர் கொண்ட வட்டத்துக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

பொது வாசகர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் இது: முதலிடத்துக்கு 15, இரண்டாமிடத்துக்கு 13, அதன்பின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று குறைந்து பத்தாமிடத்துக்கு 5. அறுபது நல்ல தொகுப்புகளிலிருந்து ஒருவர் பத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அந்தப் பத்துக்குள் வந்ததே பெரிய மதிப்பு. பத்தாமிடத்துக்கு வெறும் 1 கொடுத்தால் அந்த மதிப்பு அழிந்துபோகும். முதலிடத்துக்குச் சிறு கூடுதல் வைத்திருப்பதற்குக் காரணம், ஒன்றையும் இரண்டையும் பிரிக்கும்போதுதான் வாசகர் உண்மையில் தயங்கி, முடிவெடுத்து எழுதுகிறார். ஏழையும் எட்டையும் பிரிப்பதில் அந்தத் தயக்கம் இருப்பதில்லை. வரிசை வேண்டாம், பத்தும் சமம் என்று எழுதி அனுப்புபவரின் வாக்கைத் தள்ள வேண்டியதில்லை. பத்து இடங்களின் கூட்டுத்தொகை 96 என்பதால் ஒவ்வொன்றுக்கும் 9.6 கொடுத்துவிடலாம். ஏழு பெயர்களோடு நிறுத்தியவருக்கு முதல் ஏழு இடங்களின் மதிப்பெண் மட்டும் சேரும். எஞ்சியதைப் பகிர்ந்து கூட்டக் கூடாது. ஒரே பெயர் இருமுறை வந்தால் மேலிடத்தை எண்ணிவிட்டு மற்றவற்றை ஒரு படி மேலே நகர்த்துங்கள். இரு தொகுப்புகள் சமமானால் அதிகமான சீட்டுகளில் இடம்பெற்றது முன்னே நிற்கும். அதிலும் சமம் என்றால் முதலிட வாக்குகள். அதுவும் சமம் என்றால் இரண்டுக்கும் ஒரே இடம்.

திரண்டு வரும் வாக்குகள்

2002இல் பிபிசி உலக சேவை தன் நேயர்களிடம் உலகின் தலைசிறந்த பாடல் எது என்று கேட்டது. 7,000க்கும் மேற்பட்ட பாடல்கள் பரிந்துரைக்கப்பட்டன. முடிவில் முதலிடம் பெற்றது அயர்லாந்தின் "வுல்ஃப் டோன்ஸ்" குழு பாடிய தேசியப் பாடல் ஒன்று. மின்னஞ்சல் வழி நடந்த பரப்புரை அதற்கு உதவியது. "வந்தே மாதரம்" இரண்டாமிடத்திலும், "தளபதி" படத்தின் "ராக்கம்மா கையத் தட்டு" நான்காமிடத்திலும் வந்தன. அடுத்த இடமும் ஒரு தமிழ்ப் பாடலுக்கே கிடைத்தது: திருமலைச் சந்திரனின் "பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது". உலகெங்கும் பரந்து கிடந்த தமிழர்கள் ஒருமித்து வாக்களித்ததன் அடையாளம் இது என்றே கருதுகிறேன். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். தம் பாட்டு உலகுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் ரசிகர்களின் உண்மையான அன்பில் சேர்ந்ததுதான். எனினும், அத்தகைய முடிவு இசையின் மேல் உள்ள விருப்பத்தோடு திரளும் ஆற்றலையும் சேர்த்தே அளக்கிறது.

ரசிகர் மன்றங்கள் வலுவாக உள்ள தமிழ்ச் சூழலில் இதை எதிர்பார்த்தே விதி வகுக்க வேண்டும். குறைந்தது ஐந்து பெயர்கள் இல்லாத சீட்டு செல்லாது என்பது முதல் காப்பு. ஒரே படத்துக்காக ஓடி வருபவரும் மற்ற நான்கைச் சிந்தித்தாக வேண்டும். வாக்களிப்பு நடக்கும்போது இடைக்கால நிலவரத்தை வெளியிடவே கூடாது, ஏனெனில் யார் முந்துகிறார்கள் என்று தெரிந்த கணத்திலிருந்து வாசகர் தமக்குப் பிடித்ததற்கு வாக்களிப்பதை விட்டுப் பிடிக்காததைத் தோற்கடிக்க வாக்களிக்கத் தொடங்குகிறார். ஒருவருக்கு ஒரு சீட்டு என்பதை மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு உறுதிசெய்யலாம். தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவற்றைக் கேட்கத் தேவையில்லை. பத்துப் பெயர்களும் அதே வரிசையில், சில நிமிட இடைவெளிகளில் வந்த சீட்டுகளைத் தனியே எடுத்துவைத்து, மறுமொழி கேட்டு ஒரு மடல் அனுப்புங்கள். பதில் வராதவற்றை விலக்கலாம். எத்தனை சீட்டுகள் எந்தக் காரணத்தால் விலக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை முடிவோடு சேர்த்து வெளியிட வேண்டும்.

எண்ணுதலும் சரிபார்த்தலும்

விரிதாளில் ஒரு சீட்டுக்கு ஒரு வரிசை, ஓர் இடத்துக்கு ஒரு நெடுவரிசை என்று வைத்துக்கொண்டு, பெயர்களுக்குப் பதில் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு குறியெண்ணை இடுங்கள். எழுத்துப்பிழையால் ஒரே தொகுப்பு மூன்று பெயர்களில் சிதறும் தொல்லை இதனால் தவிர்க்கப்படும். இருவர் தனித்தனியே பதிவுசெய்து ஒப்பிடுவது நேரம் எடுக்கும் வேலைதான், ஆனால் வாசகர் நம்பி அனுப்பிய சீட்டுக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை அது.

எண்ணி முடித்ததும் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது, மேலே சொன்ன போர்டா முறையிலும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது. இரண்டு கணக்கிலும் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும் தொகுப்புகளின் தரம் உறுதியானது. பத்துப் பன்னிரண்டு இடங்கள் நகர்பவை, சிலரால் மிக ஆழமாக நேசிக்கப்பட்டவையாகவோ பலரால் மிதமாக விரும்பப்பட்டவையாகவோ இருக்கும். எது எவ்வகை என்பதை எழுதினால் வாசகர்கள் அதை ஆவலோடு படிப்பார்கள். இரண்டாவது, சீட்டுகளைக் குலுக்கிச் சரிபாதியாகப் பிரித்து இரு பாதிகளையும் தனித்தனியே கூட்டுவது. முதல் ஐந்து இரு பாதிகளிலும் ஒத்துவந்து, முப்பதுக்குக் கீழே தாறுமாறாக மாறினால், முப்பதுக்குக் கீழுள்ளவற்றை எண்ணிட்டு வரிசைப்படுத்தாமல் அகர வரிசையில் ஒரே தொகுதியாகக் கொடுப்பதுதான் நேர்மை.

வெளியிடும்போது

முடிவு யாருடையது என்பதை முதலில் சொல்லுங்கள். "ரோலிங் ஸ்டோன்" இதழ் 2003இல் வெளியிட்ட 500 ஆல்பங்களின் பட்டியலில் பீட்டில்ஸின் "சார்ஜண்ட் பெப்பர்ஸ்" முதலிடத்தில் இருந்தது. 2020இல் புதிய வாக்காளர்களோடு மீண்டும் நடத்தியபோது மார்வின் கேயின் "வாட்ஸ் கோயிங் ஆன்" முதலிடத்துக்கு வந்தது, முன்னது 24ஆம் இடத்துக்குச் சென்றது. அந்த இசைத்தட்டுகளில் எதுவும் மாறவில்லை, கேட்கப்பட்டவர்கள் மாறினார்கள். ஆகவே சீட்டில் பிறந்த பத்தாண்டையும் வாழும் ஊரையும் விருப்பத்தின் பேரில் கேட்டு, வாக்களித்தவர்கள் யார் என்ற விவரத்தைப் பட்டியலின் தலைப்பிலேயே கொடுக்க வேண்டும். இளையோர் குறைவாக இருந்தார்கள் என்று அவர்களின் வாக்குக்கு எடை கூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதில் வயது வாரியாகத் தனிப் பட்டியல்களைக் கொடுத்தால், அறுபதைக் கடந்தவர்களும் இருபதுகளில் இருப்பவர்களும் எந்தத் தொகுப்பில் ஒன்றுபடுகிறார்கள் என்பது தெரியவரும். பொதுப்பட்டியலைவிட அந்த ஒன்றுபடும் பெயர்களே எனக்கு எப்போதும் கூடுதல் மகிழ்ச்சி தருபவை.

ஒவ்வொரு தொகுப்புக்கும் மதிப்பெண்ணோடு, எத்தனை சீட்டுகளில் அது இடம்பெற்றது, அவற்றில் எத்தனை முதலிடங்கள் என்பதையும் அச்சிடுங்கள். ஆண்டு, இசையமைப்பாளர், பாடலாசிரியர்கள், பாடகர்கள் ஆகியோரின் பெயர்கள் முழுமையாக இருக்க வேண்டும். குறிப்பாகப் பாடலாசிரியர்களை விட்டுவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். இசையமைப்பாளர் வாரியாக மொத்த வாக்குகளைக் காட்டும் ஒரு சிறு அட்டவணையும் தேவை. முதல் சுற்றில் ஒரே ஒருவர் மட்டும் குறிப்பிட்ட தொகுப்புகளுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கி, அவர் அனுப்பிய ஓரிரு வரிக் குறிப்போடு வெளியிடுங்கள். முதல் பத்தில் வருபவை பெரும்பாலும் எல்லோரும் அறிந்தவையாக இருக்கும். வாசகர் இதுவரை கேட்டிராத இசையை அறிமுகப்படுத்தப்போவது இந்தப் பக்கம்தான்.

பெயர், மின்னஞ்சல் முதலியவற்றை நீக்கிவிட்டுச் சீட்டுகளின் முழு விரிதாளையும் யார் கேட்டாலும் தரும்படி வைத்திருங்கள். வேறு அளவுகோலில் கூட்டிப் பார்க்க விரும்பும் வாசகருக்கு அது வழிவிடும். அடுத்த முறை வாக்கெடுப்பு நடத்துகிறவர்கள் அதே விதிகளையும் அதே மதிப்பெண் அளவையும் பின்பற்றினால்தான் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும் என்பதால், விதித்தாளையும் அந்த விரிதாளோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.